பூவுக்கும் பக்கம் உண்டு

2016 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை இரவு. லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுப் போட்டியில் இறங்கின. இரண்டு அணியினர் கையிலும் கறுப்புப் பட்டை; பட்டையின் நடுவே சிவப்பு பாப்பிப் பூ. ஆட்டக்காரர்களின் உடையில் அரசியல், மதம், தனிநபர் சார்ந்த வாசகமோ படமோ கூடாது என்ற விதியைக் காட்டி ஃபிஃபா இதற்கு அனுமதி மறுத்திருந்தது. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளில் மாண்ட வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தவும் தடையா என்று பிரிட்டன் கொதித்தது. பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்திலேயே ஃபிஃபாவைச் சாடினார். தடையை மீறிப் பூ அணிந்தார்கள். இங்கிலாந்து 3-0 என்று வென்றது. டிசம்பரில் அபராதம் வந்தது. இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்க், ஸ்காட்லாந்துக்கு 20,000; தங்கள் போட்டிகளில் பாப்பியைக் காட்டிய வேல்ஸுக்கு 20,000, வட அயர்லாந்துக்கு 15,000. ஆனால் மறு ஆண்டே விதி தளர்ந்தது. 2017 நவம்பர் 10 அன்று அதே வெம்பிளியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் பாப்பிப் பட்டையுடன் ஆடின. யாருக்கும் தண்டனை இல்லை.

இந்தக் கதையை இன்று பெரும்பாலோர் ஒரே விதமாகத்தான் சொல்கிறார்கள். செத்தவர்களை நினைப்பதில் என்ன அரசியல்? மனிதாபிமானம் தெரியாத சில அதிகாரிகள் விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தவறு செய்தார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள், நல்லது நடந்தது. இந்தியாவிலும் இதே பேச்சு உண்டு. கிரிக்கெட் வீரர்கள் ராணுவத் தொப்பி அணிந்தால் அது மரியாதை, அதில் அரசியலைப் பார்ப்பவர் மனதில்தான் கோளாறு என்பார்கள். இந்தப் பொதுக்கருத்து தவறு என்று நினைக்கிறேன். வீட்டில் விளக்கேற்றி இறந்தவரை நினைப்பதில் அரசியல் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய சட்டையில் எந்த இறந்தவர்களை ஏற்றுவது, எவரை விடுவது என்று தேர்ந்தெடுப்பது முழுக்க அரசியல். அந்தத் தேர்வுக்கு ‘இது அரசியல் அல்ல’ என்று சான்றிதழ் தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களுடைய இறந்தவர்கள் சட்டையில் ஏறுகிறார்கள். மற்றவர்களுடைய இறந்தவர்கள் ‘அரசியல்’ என்ற பெயரில் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 2017இல் திருத்தப்பட்டதாகச் சொல்லப்படும் விதி இந்த ஏற்றத்தாழ்வைக் களையவில்லை. அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

போரை ஒட்டிச் சூடும் பூ எந்தப் பக்கமும் சாயாது என்ற வாதத்தைத் தமிழ் படித்தவர்கள் எளிதில் ஏற்க முடியாது. நம் புறத்திணை இலக்கணத்தில் போர்த் திணைகள் பூவின் பெயரால்தான் நிற்கின்றன. ஆநிரை கவரப் போனவன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். மதிலை வளைத்தவனுக்கு உழிஞை, மதிலைக் காத்தவனுக்கு நொச்சி. தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே அவன் எந்தப் படை, என்ன செய்ய வந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். நேருக்கு நேர் களத்தில் நிற்கும்போது இரு தரப்பும் சூடியது தும்பை. ஒரே பூவை இரு பக்கமும் சூடினால் ஒரு பொருள், ஒரு பக்கம் மட்டும் சூடினால் வேறு பொருள் என்ற தெளிவு புறப்பொருள் வெண்பாமாலையை எழுதியவருக்கு இருந்தது. சர்வதேச விளையாட்டை நடத்துகிற அமைப்புகளுக்கு அது இன்னும் வரவில்லை.

பாப்பியையே எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தின் ஈப்ரே பகுதியில், குண்டு விழுந்து புரண்ட மண்ணில் பூத்த காட்டுப் பூ அது. கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய கவிதை வழியே புகழ்பெற்றது. அமெரிக்காவின் மொய்னா மைக்கேல் அதை நினைவுச் சின்னமாக்கினார். பிரெஞ்சுப் பெண் ஆன்னா கெரன் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். 1921 முதல் முன்னாள் படைவீரர்களின் அமைப்பான பிரிட்டிஷ் லீஜியன் அதை விற்று நிதி திரட்டுகிறது. இதுவரை சொன்னதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் அந்தக் காகிதப் பூவைக் கையில் எடுத்து அதன் நடுவில் இருந்த கறுப்புப் பொத்தானைப் பாருங்கள். பல பத்தாண்டுகள், 1994 வரை, அந்தப் பொத்தானில் ‘ஹெய்க் நிதி’ என்ற சொற்கள்தான் இருந்தன. ஹெய்க் என்பவர் டக்ளஸ் ஹெய்க். 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டபோது படைக்குத் தலைமை வகித்த தளபதி. மாண்டவனை நினைத்துச் சூடிய பூவின் நெஞ்சில், அவனைச் சாவுக்கு அனுப்பியவரின் பெயர் எழுதியிருந்தது. இதை அரசியல் அற்ற பூ என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கும் லீஜியன் திரட்டும் நிதி இரண்டு உலகப் போர்களோடு நிற்பதில்லை. இப்போது பணியில் இருப்போர் உட்பட, பிரிட்டிஷ் படைகள் பிற்காலத்தில் போன எல்லாக் களங்களையும் சேர்ந்தவர்களுக்கும் அது போகிறது. அந்த உதவியில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஃபாக்லாந்து, ஈராக், ஆப்கானிஸ்தான், வட அயர்லாந்துத் தெருக்கள் எல்லாம் அந்த ஒரு பூவுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது உண்மை. அந்தப் போர்கள் ஒவ்வொன்றையும் பற்றி பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு.

பாப்பியில் அரசியலைக் கண்டது இந்தக் காலத்தின் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று சொல்பவர்களுக்கு இலங்கையின் 1930கள் பதில் சொல்லும். அன்றைய சிலோனில் நவம்பர் 11 தோறும் பாப்பி விற்று வந்த பணத்தின் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. அதே போரில் பிரிட்டனுக்காகப் போன உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அந்த அநீதியை எதிர்த்து முன்னாள் படைவீரர்களே பாப்பிக்குப் பதிலாக சூரிய மலரை, நாம் பூவரசம்பூ என்று அழைக்கும் அந்த மஞ்சள் பூவை, அதே நாளில் விற்கத் தொடங்கினார்கள். 1933இல் இளைஞர் இயக்கங்கள் அதைக் கையில் எடுத்தன. டோரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண் பத்திரிகையில் எழுதி அதற்கு வலுச் சேர்த்தார். தெருவில் சிவப்புப் பூ ஒரு பக்கம், மஞ்சள் பூ மறு பக்கம். திரண்ட பணத்துடன் ஆட்கள் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்கு உதவினார்கள். அந்த இயக்கத்திலிருந்துதான் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. ஒரு பூவுக்கு மாற்றாக இன்னொரு பூவைச் சூடியது ஒரு கட்சியையே உருவாக்கியது என்றால், முதல் பூ அரசியல் அற்றதாக எப்படி இருந்திருக்கும்?

அடுத்து மரபு என்ற வாதம். நூறாண்டு வழக்கத்தை ஃபிஃபா தடுத்துவிட்டது போல 2016இல் பேசினார்கள். நூறாண்டாக இருந்தது கோட்டில் பூக் குத்திக்கொள்ளும் வழக்கம். இங்கிலாந்து தேசிய அணியின் ஆட்ட உடையில் 2011 வரை பாப்பி இருந்ததில்லை. அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று ஸ்பெயினுடன் நடந்த போட்டிக்காக, பிரதமர் டேவிட் கேமரனும் இளவரசர் வில்லியமும் ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதிய பிறகு, சட்டையில் வேண்டாம், கறுப்புப் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற சமரசம் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் ஆட்டக்காரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சட்டை வெறுமையாகவே இருந்தது. அகழிப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் வீரர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஹாரி பேட்ச் 2009இல், 111 வயதில் மறைந்தார். போர் என்பது சட்டம் அனுமதித்த கொலை என்ற பொருள்படப் பேசிவந்தவர் அவர். அவரைப் போன்ற சாட்சிகள் மறைந்த காலமும் சட்டையில் பூ ஏறிய காலமும் ஏறத்தாழ ஒன்று. அதே காலத்தில் பிரிட்டன் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் சவப்பெட்டிகளை வாங்கிக்கொண்டிருந்தது. தொல்மரபு என்று காட்டப்படுவது உண்மையில் நம் காலத்துத் தேவையில் பிறந்தது.

இதன் விலையைக் கொடுத்தவர் ஜேம்ஸ் மெக்லீன். வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் கிரெகன் பகுதியில் பிறந்த கால்பந்து வீரர். அயர்லாந்து குடியரசு அணிக்காக ஆடியவர். 1972 ஜனவரி 30 அன்று அந்த நகரத்தில் உரிமை ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் படை சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். கொல்லப்பட்டவர்களில் ஆறு பேர் கிரெகன்காரர்கள். அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை என்று 2010இல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவர் இதே கேமரன். அடுத்த ஆண்டு அவரே ஃபிஃபாவுக்குப் பூவுக்காகக் கடிதம் எழுதினார். 2012இல் சண்டர்லாந்து அணியில் இருந்தபோது மெக்லீன் பாப்பி பொறித்த சட்டையை அணிய மறுத்தார். இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் மகிழ்ச்சியோடு அணிவேன், என் ஊரில் சுட்டவர்களையும் சேர்த்து நினைக்கும் பூவை என்னால் அணிய முடியாது என்று 2014இல் விகான் கழகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் பொறுமையாக விளக்கினார். பயன் இல்லை. ஆண்டுதோறும் நவம்பரில் கூச்சலும் வசையும் கொலை மிரட்டலும் அவரைத் தேடி வந்தன. 2018இல் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் நெமான்யா மாட்டிச்சும் மறுத்தார். 1999இல் நேட்டோ விமானங்கள் செர்பியாவில் குண்டு வீசியபோது வ்ரேலோ என்ற ஊரில் பயந்து நடுங்கிய பத்து வயதுப் பையன் அவர். இந்த இருவரும் யாருடைய துக்கத்தையும் இழிவுபடுத்தவில்லை. பூ விற்கும் லீஜியனே அதை அணிவது தனிமனித விருப்பம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அணிச் சட்டையில் அச்சடித்த பூவில் விருப்பத்துக்கு இடம் எங்கே? மற்ற பத்துப் பேர் மார்பிலும் இருப்பது பதினோராவது ஆள் மார்பில் இல்லை என்றால், மைதானத்தில் இருக்கும் எல்லாக் கண்ணும் அவன் மேல்தான் விழும்.

இப்போது 2017இல் திருத்திய விதியைப் படித்துப் பாருங்கள். ஒரு தேசிய அல்லது சர்வதேச நிகழ்வை நினைவுகூரும்போது எதிரணியினர், அவர்களுடைய ரசிகர்கள், பொதுமக்கள் ஆகியோரின் உணர்வுகளைக் கவனமாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. எதிரணியின் மனதைப் பற்றி யோசித்தவர்கள் சொந்த அணியின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும் மெக்லீனைப் பற்றி யோசிக்கவில்லை. அது மட்டுமில்லை, குறிப்பிட்ட அரசியல் நிகழ்வைக் குறிக்கும் சின்னம் கூடாது என்றும் அதே விதி தொடர்கிறது. எது நினைவு, எது அரசியல் நிகழ்வு என்று பிரிப்பவர் யார்? 2016 மார்ச்சில் அயர்லாந்து அணி, பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுச் சின்னத்தை சட்டையில் அணிந்தது. அதற்கு 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விழுந்தது. அதே 1916இல் சோம் முனையில் இறந்தவனுக்குப் பூ அனுமதி, டப்ளின் தெருவில் இறந்தவனுக்கு இல்லை என்றுதான் இன்றைய விதியின்படி முடியும். ஃபிஃபாவின் பொதுச் செயலாளராக இருந்த செனகல் நாட்டுப் பெண்மணி பாத்மா சமூரா 2016இல் கேட்டது இதைத்தான்: போரால் துன்பப்பட்டது பிரிட்டன் மட்டும்தானா, சிரியா இல்லையா, என் கண்டம் இல்லையா, ஒரு நாட்டுக்கு மட்டும் எதற்கு விதிவிலக்கு? அவருடைய கேள்வியின் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. 1944 டிசம்பர் 1 அன்று டாக்கருக்கு அருகே தியாரோய் முகாமில், பிரான்ஸுக்காகப் போரிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்க வீரர்கள் தங்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டுக் கொன்றது. நாளை செனகல் அணி பிரான்ஸுக்கு எதிராக ஆடும்போது தியாரோய்க்கு ஒரு சின்னம் அணிய அனுமதி கேட்டால் கிடைக்குமா? இங்கிலாந்துடன் ஆடும் இந்திய அணி 1919 ஜாலியன்வாலா பாக்கை நினைத்து ஒரு சின்னம் கேட்டால்? அவர்களும் இறந்தவர்கள்தான். பலர் அந்தப் பேரரசுகளின் சீருடையில் சேவை செய்தவர்கள்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் இந்தக் குழப்பத்தைப் பார்க்க ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. சவுத்தாம்ப்டன் மைதானம் ஒன்றே போதும். 2014 ஜூலையில் அங்கே இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில், முதல் உலகப் போரின் நூற்றாண்டை ஒட்டி இங்கிலாந்து வீரர்கள், காயமுற்ற படைவீரர்களுக்காக 2007இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளையின் முத்திரையைச் சட்டையில் அணிந்திருந்தார்கள். அதே போட்டியில் இங்கிலாந்தின் மொயீன் அலி, காசாவைக் காப்பாற்றச் சொல்லும் மணிக்கட்டுப் பட்டையை அணிந்தார். படைவீரர் முத்திரைக்குத் தடை இல்லை. குண்டு விழும் ஊரின் குழந்தைகளுக்கான பட்டை அரசியல் என்று கழற்றச் சொன்னார்கள். 2019 ஜூன் 5 அன்று அதே மைதானத்தில் உலகக் கோப்பைப் போட்டியில் தோனியின் கையுறையில் சிறகு விரித்த கத்தி தெரிந்தது. இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினர் அணியும் ‘பலிதான்’ சின்னம் அது. இந்திய வாரியம் அனுமதி கேட்டும் ஐசிசி மறுத்தது. 2020 ஜூலையில் அதே மைதானத்தில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் கறுப்பர் உயிரின் மதிப்பைச் சொல்லும் முத்திரையைக் காலரில் தைத்துக்கொண்டன, ஐசிசியின் ஒப்புதலோடு. மூன்று ஆண்டுகள், மூன்று விதமான தீர்ப்பு. கடைசியாகச் சொன்ன நோக்கத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் அது அரசியல் அல்ல என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் காவலர்களால் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய பேச்சு அரசியல் இல்லாமல் வேறென்ன? நமக்குப் பிடித்த நினைவுக்கு ஒரு பெயர், பிடிக்காததற்கு வேறு பெயர் என்று வைத்துக்கொண்டால் இந்த வாதமே நிற்காது.

தோனியின் கையுறைக்கு மூன்று மாதம் முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய அணி முழுவதும் ராணுவப் பச்சைப் புள்ளித் தொப்பியுடன் இறங்கியது. பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் கொல்லப்பட்ட 40 துணை ராணுவ வீரர்களுக்கு அஞ்சலி. போட்டிக் கட்டணம் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு. நிதி திரட்டவும் அஞ்சலிக்கும் என்று அனுமதி வாங்கியிருந்தார்கள் என்றது ஐசிசி. அந்த நாற்பது குடும்பங்களின் இழப்புக்கு முன்னால் எவரும் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் போட்டிக்கு மறுநாள், மார்ச் 9 அன்று, தேர்தல் விளம்பரங்களில் ராணுவத்தினரின் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியது. மார்ச் 10 அன்று மக்களவைத் தேர்தல் தேதி வந்தது. சுவரொட்டியில் ராணுவ உடை அரசியல் என்று ஓர் அரசமைப்பு நிறுவனமே கருதிய அந்த வாரத்தில், கோடிக்கணக்கானோர் பார்த்த நேரலையில் அதே உடையின் நிறம் அரசியல் அற்றது என்பதை எப்படி ஏற்பது? 2025 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானை வென்ற பிறகு இந்திய அணித் தலைவர் சூர்யகுமார் யாதவ், பஹல்காமில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆதரவு தெரிவித்து வெற்றியைப் படைவீரர்களுக்குக் காணிக்கையாக்கினார். இம்முறை போட்டிக் கட்டணத்தில் 30 விழுக்காடு அபராதம். தொப்பிக்கு அனுமதி, வாய்ச்சொல்லுக்கு அபராதம் என்றால் விதி எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜாவுக்கு நடந்தது இதைவிட வருத்தம் தருவது. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டுக்கு முன் அவர் காலணியில் எழுதியிருந்தது எல்லா உயிரும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்ற இரண்டு வாசகங்கள். காசாவை மனதில் வைத்து எழுதியது என்பதால் கூடாது என்றார்கள். அவர் எழுத்தை மறைத்துவிட்டு வெறும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்; முன்அனுமதி இல்லை என்று கண்டித்தார்கள். சொந்தத் துக்கத்துக்காகக் கட்டினேன் என்று அவர் சொன்னதும் எடுபடவில்லை. மெல்போர்னில் ஒரு புறாவும் ஆலிவ் கிளையும் போட அனுமதி கேட்டார், அதுவும் இல்லை. ராணுவத் தொப்பியையும் புறாவையும் ஒன்றாகத் தடுத்திருந்தால் ஐசிசியின் நேர்மையை ஒப்புக்கொண்டிருப்பேன். ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுத்த பிறகு, அரசும் ராணுவமும் பின்னால் நிற்கும் நினைவுக்குத்தான் மதிப்பு என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானவற்றுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. அணிகிறவர் உள்ளம் தூய்மையானது என்பார்கள். சந்தேகமே இல்லை, சோம் முனையில் இறந்த கொள்ளுப்பாட்டனை நினைத்துப் பூக் குத்துகிறவரின் கண்ணீர் உண்மையானது. ஆனால் சின்னத்தின் பொருளை அணிகிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்க்கிறவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார். அறப்பணிக்குப் பணம் சேர்கிறது என்பார்கள். சேரட்டும். மைதான வாசலில் உண்டியல் வைக்கலாம், ஆட்டம் முடிந்ததும் சட்டைகளை ஏலம் விடலாம். ஒருவர் உடம்பில் அச்சடித்துத்தான் நிதி திரட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜெர்மனியே ஒத்துக்கொண்டதே என்பார்கள். பெருந்தன்மைதான், இரு தரப்பும் சேர்ந்து அணிந்ததால் அது தும்பைக்கு அருகில் வருகிறது. ஆனால் எந்தப் பூ என்று முடிவு செய்தது ஒரு தரப்பு. ஜெர்மனியின் சம்மதம் மாட்டிச்சின் சம்மதமும் ஆகாது.

தேசிய கீதமும் கொடியும் அரசியல் இல்லையா, அவற்றை விட்டுவிட்டுப் பூவை மட்டும் ஏன் பிடிக்கிறாய் என்ற கேள்விதான் இருப்பதிலேயே கடினமானது. கீதமும் கொடியும் அரசியல்தான். ஆனால் அவை இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கிடைக்கின்றன. உன் பாட்டுக்கு நான் எழுந்து நிற்கிறேன், என் பாட்டுக்கு நீ நில் என்ற ஒப்பந்தம் அதில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டத்தில் எவன் எந்த நாடு என்று தெரிய வேண்டும். அதற்கு மேல் அவை எதையும் கேட்பதில்லை. ஒரு போரின் நினைவோ அப்படி இல்லை. அந்தப் போர் நியாயமானது, அல்லது குறைந்தபட்சம் அதைப் பற்றி இங்கே கேள்வி எழுப்பக் கூடாது என்று அது சொல்லாமல் சொல்கிறது. பதில் சொல்லும் வாய்ப்பு எதிரில் நிற்பவனுக்கு இல்லை.

அப்படியானால் துக்கமே காட்டக் கூடாதா? காட்ட வேண்டும். படமோ முத்திரையோ எழுத்தோ இல்லாத கறுப்புப் பட்டையும் ஒரு நிமிட மௌனமும் போதும் என்கிறேன். அதுவும் அரசியலாகலாம் என்பது தெரியும். நம் ஊரில் ஊழியர்கள் கறுப்பு பேட்ஜ் அணிந்து வேலைக்கு வந்தால் துக்கமா போராட்டமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். 2003 உலகக் கோப்பையில் ஹராரே மைதானத்தில் ஆண்டி ஃப்ளவரும் ஹென்றி ஒலாங்காவும் கறுப்புப் பட்டை கட்டியது ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துவிட்டது என்று சொல்லத்தான். அதற்காக ஒலாங்கா நாட்டையே விட்டுப் போக நேர்ந்தது. ஆனால் வெறும் கறுப்புத் துணிக்கு ஒரு குணம் உண்டு. அது யாருடைய இறந்தவரையும் வெளியே தள்ளுவதில்லை. மெக்லீன் அதைக் கட்டி டெரியை நினைக்கலாம். பக்கத்தில் நிற்பவர் சோம் முனையை நினைக்கலாம். இருவரும் ஒரே வரிசையில் நிற்கலாம். ஃபிஃபாவும் ஐசிசியும் எது அரசியல் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிட்டு விதியில் மூன்று வரி எழுத வேண்டும்: தேசிய அணியின் உடையில் எந்தப் படையின், அமைப்பின், நிகழ்வின் சின்னமும் வேண்டாம், கறுப்புப் பட்டைக்கு யாரும் அனுமதி கேட்க வேண்டாம், அஞ்சலியில் பங்கேற்கும்படியோ விலகும்படியோ எந்த வீரரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இது எவர் துக்கத்தையும் சுருக்காது. இப்போது இருக்கும் முறைதான் சுருக்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் கார்த்திகைப்பூ; இங்கே பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், விடுதலைப் புலிகளின் சின்னமாக இருந்தது என்பதால், 2024இல் யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியில் அதை வைத்து அலங்கரித்ததற்குப் போலீஸ் விசாரணை வந்தது. அதே நாட்டில் நவம்பர் தோறும் பாப்பிக்கு அரசு மரியாதை உண்டு. பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை அரசின் கையில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டாம்.

நினைவை அரசியல் என்று ஒப்புக்கொண்டால் அதையே சாக்காக்கி அதிகாரிகள் எல்லா அஞ்சலியையும் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. அது ஒருமுறை நடந்தே இருக்கிறது. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் பிணையாகப் பிடிக்கப்பட்ட இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களுமாக 11 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போர்க்களத்தில் இறக்கவில்லை; ஒலிம்பிக்கின் விருந்தினர்களாக, அது தந்த அறைகளில் பிடிக்கப்பட்டு இறந்தார்கள். தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று அவர்கள் குடும்பங்கள் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் கேட்டுக்கொண்டே இருந்தன. நாற்பதாம் ஆண்டில், 2012 லண்டன் விழாவிலும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மறுத்தது. அதன் தலைவர் ஜாக் ரோக் வீரர்கள் தங்கும் கிராமத்தில் நடந்த சிறிய நிகழ்வில் மௌனம் காத்தார்; தொடக்க விழா மேடையில் இல்லை. அந்தக் குடும்பங்கள் சட்டையில் சின்னம் கேட்கவில்லை, பூவோ கொடியோ கேட்கவில்லை. அவர்கள் கேட்டது எந்த நாட்டு வீரரும் சங்கடமின்றி நிற்கக்கூடிய மௌனம். அது டோக்கியோவில், 2021 ஜூலை 23 அன்று கிடைத்தது. அதற்கு 49 ஆண்டுகள் ஆயின.